கண்டதும் கேட்டதும் ப்ரமாணமாகுமோ?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஓர் அர்த்தத்தை ஸதஸ்ஸில் விண்ணப்பித்தவுடன் ‘இதற்கு ப்ரமாணம் என்ன?’ என்று கேட்பது நம் பெரியோர்களின் வழக்கம். அக்கேள்வியால் சொன்னவர் மனம் நோவதில்லை. கேட்டவரும் அவரைச் சோதிப்பதாக எண்ணுவதில்லை. பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களை ஒரு பக்கம் புரட்டினாலும் வேதவாக்யம், ஸ்ரீராமாயண ச்லோகம், ஸ்ரீவிஷ்ணுபுராண வசனம், மற்றோர் ஆழ்வாரின் திருவாக்கு என்று மேற்கோள்கள் வரிசையாக வருவதைக் காண்கிறோம். தாம் சொல்லும் அர்த்தத்துக்குத் தாமே ஆதாரம் என்று அவர்கள் ஓரிடத்திலும் நின்றதில்லை.

முன்பு ஒரு வ்யாக்யானத்தைக் காண வேண்டுமானால், ஸ்ரீகோசம் வைத்திருக்கும் பெரியவரின் திருமாளிகைக்குச் சென்று காத்திருக்க வேண்டும். இன்று அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வாழும் ஒரு பாகவதர், அலுவலகம் செல்லும் ரயிலில் அமர்ந்தபடியே ஈட்டைத் திறந்து ஸேவிக்கிறார். இதனை எம்பெருமானுடைய க்ருபை என்றே கொள்ள வேண்டும். ஆயினும் கிடைப்பது பெருகிய அளவுக்கு, ‘இதற்கு ப்ரமாணம் என்ன?’ என்னும் கேள்வி குறைந்துவிட்டது. இணையத்தில் காணும் ஒரு வாக்யத்தை எவ்வாறு எடைபோட்டு ஏற்பது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். பிறர் பிழையைக் கொண்டு தொடங்காமல், நம் பிழையைக் கொண்டே தொடங்குவது முறையாகும்.

தொட்டில் அழைப்பிதழ்

சில ஆண்டுகளுக்கு முன், வாரந்தோறும் இணையவழியில் கூடும் ஒரு சிறு கோஷ்டியில் பெரியாழ்வார் திருமொழியை அநுபவித்து வந்தோம். ஆழ்வார் யசோதைப் பிராட்டியின் நிலையில் நின்று கண்ணனைத் தொட்டிலிட்டுத் தாலாட்டும் பதிகம் வந்தது. அன்று காலை வாட்ஸ்அப்பில் வந்திருந்த ஓர் அழகிய வாக்யத்தை, ‘இவ்விடத்தில் பெரியவாச்சான் பிள்ளை அருளிச்செய்வது’ என்று சொல்லி விண்ணப்பித்தோம். உலகை ஆட்டுவிப்பவனை ஒரு தாயின் கை ஆட்டுகிறது என்பது அதன் கருத்து. கேட்டவர்கள் உருகினர், நாமும் உருகினோம்.

கோஷ்டி முடிந்தபின் வயது முதிர்ந்த ஒரு ஸ்வாமி, “தேவரீர் ஸாதித்த அந்த வாக்யம் எந்த ஸ்ரீகோசத்தில் உள்ளது? அடியேனுக்குக் காட்டியருள வேணும்” என்று கேட்டார். “தேடி விண்ணப்பிக்கிறோம், ஸ்வாமி” என்றோம். ஒரு நாளில் முடியும் வேலை என்று எண்ணினோம். மூன்று வாரங்கள் ஆயின.

அவ்வாக்யம் பன்னிரண்டு பக்கங்களில் கிடைத்தது. முதலில் மகிழ்ந்தோம், பன்னிரண்டு இடங்களில் இருப்பது பொய்யாகுமோ என்று தோன்றிற்று. பிறகு கவனித்தபோது, பன்னிரண்டிலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப்பிழை இருந்தது. வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வவுச்சர்களைச் சரிபார்த்த நமக்கு அப்போதுதான் கண் திறந்தது. ஒரு வவுச்சருக்குப் பன்னிரண்டு நகல்கள் எடுத்தாலும் நடந்த கொடுக்கல் வாங்கல் ஒன்றுதானே!

தேதிகளைப் பின்தொடர்ந்து சென்றபோது, மிகப் பழைய பக்கம் ஒரு பாகவதர் தம் உபந்யாஸத்துக்காக எழுதி வைத்த குறிப்பாக இருந்தது. அவர் முதலில் வ்யாக்யானத்திலிருந்து ஒரு வரியை எழுதி, ஒரு வரி இடைவெளி விட்டு, கீழே தம் அநுபவத்தை எழுதியிருந்தார். அவர்மீது குற்றம் ஏதுமில்லை. நகலெடுத்தவர் இடைவெளியை விட்டுவிட்டார். அடுத்தவர் வ்யாக்யான வரியை நீக்கிக் கீழே உள்ளதை மட்டும் எடுத்தார். மூன்றாமவர் அதற்குப் பெரியவாச்சான் பிள்ளையின் திருநாமத்தைச் சேர்த்தார்.

இதனை அந்தப் பெரியவரிடம் விண்ணப்பித்தோம். அவர் சிரித்துக்கொண்டே, “இப்பதிகத்துக்குப் பிள்ளையின் வ்யாக்யானமே நமக்குக் கிடைக்கவில்லையே, ஸ்வாமி” என்றார். நாம் அறியாத செய்தியன்று அது. நாலாயிரத்துக்கும் வ்யாக்யானம் அருளிய பெரியவாச்சான் பிள்ளையின் திருப்பல்லாண்டு வ்யாக்யானம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குமேல் பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்தின் பெரும்பகுதி லுப்தமாயிற்று. இறுதிப் பகுதியே எஞ்சிற்று. லுப்தமான இடங்களுக்கு மணவாள மாமுனிகள் வ்யாக்யானம் அருளிச்செய்து குறை தீர்த்தார். தாலாட்டுப் பதிகம் லுப்தமான பகுதியைச் சேர்ந்தது. அறிந்திருந்தும் நினையாமல் போனோம். வாக்யத்தின் அழகு நம் நினைவை மறைத்துவிட்டது.

அடுத்த வாரமே கோஷ்டியில் திருத்தம் சொன்னோம். ஆனால் அதற்குள், கோஷ்டியில் கேட்ட ஒரு பாகவதர் தம் பேரனைத் தொட்டிலிடும் வைபவ அழைப்பிதழின் முகப்பில் அவ்வாக்யத்தை ஆசார்யரின் திருநாமத்தோடு அச்சிட்டு, உற்றார் உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிட்டிருந்தார். வங்கிக் கணக்கில் தவறான பதிவு நேர்ந்தால் மறுநாள் எதிர்ப்பதிவு இட்டுச் சரிசெய்யலாம். ஆசார்யன் அருளாத வார்த்தையை அவர் அருளியதாகச் சொன்ன பதிவை, அத்தனை இல்லங்களிலிருந்தும் எப்படித் திரும்பப் பெறுவது? இவ்வழைப்பிதழ் இன்றும் நம் மேசையில் இருக்கிறது.

நால்வகைத் தோஷம்

மனிதர் வாக்குக்கு நேரக்கூடிய தோஷங்களை நம் சாஸ்த்ரகாரர்கள் நான்காகப் பிரித்தனர். ப்ரமம் என்பது ஒன்றை மற்றொன்றாக மயங்கிக் கொள்ளுதல். ப்ரமாதம் என்பது கவனக்குறைவு. விப்ரலிப்ஸை என்பது ஏமாற்றும் எண்ணம். கரணாபாடவம் என்பது கருவியின் திறமையின்மை. வேதம் ஒருவரால் இயற்றப்படாதது ஆகையால் இந்நான்கும் அதனைத் தீண்டா என்பது ஸித்தாந்தம். இணையத்தில் உள்ளதோ முழுவதும் மனிதர் இட்டது. ஆகவே நான்கையும் அங்கே எதிர்பார்க்க வேண்டும்.

ப்ரமத்துக்கு எடுத்துக்காட்டு, ஒருவர் நூலை மற்றொருவர் நூலாகக் கொள்வது. ‘ஈடு’ என்ற தலைப்பில் தூய செந்தமிழில் ஒரு பத்தி வந்தால் அங்கே சற்று நிற்க வேண்டும். நம்பிள்ளையின் ஈடு மணிப்ரவாளத்தில் அமைந்தது. செந்தமிழில் உள்ளது பெரும்பாலும் பு. ரா. புருஷோத்தம நாயுடு அவர்கள் செய்து, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஈட்டின் தமிழாக்கமாக இருக்கும். அது போற்றத்தக்க பெரும்பணி. ஆனால் அதன் சொற்கள் நம்பிள்ளையின் திருவாக்கில் வந்த சொற்கள் ஆகா. அதுபோலவே காஞ்சி ப்ரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசார்ய ஸ்வாமி இருபதாம் நூற்றாண்டில் அருளிய திவ்யார்த்த தீபிகையின் வரிகள், ‘பூர்வாசார்ய வ்யாக்யானம்’ என்ற பெயரில் உலவுகின்றன. அந்த ஸ்வாமியின் பெயரைச் சொல்லி எடுத்தாள்வதே அவருக்கும் பூர்வர்களுக்கும் செய்யும் மரியாதையாகும்.

ப்ரமாதம் நம் அனைவருக்கும் பொதுவானது. தட்டெழுதும்போது ஒரு வரி தாவுவதும், பாசுர எண் மாறுவதும் இவ்வகை. எண்ணைக் குறிக்கும்போது தொடர் எண்ணை மட்டும் இடாமல் பத்து, திருவாய்மொழி, பாசுரம் என்று மூன்றையும் குறித்தால், படிப்பவர் பிழையைத் தாமே கண்டுகொள்வார்.

கரணாபாடவம் என்பதற்கு முன்னோர் கண், காது முதலிய இந்த்ரியங்களின் குறையை எடுத்துக்காட்டினர். இன்று மென்பொருளையும் அதில் சேர்க்கலாம். அச்சுப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள், ‘ர’ என்னும் எழுத்தையும் ‘கால்’ குறியையும் ஒன்றுக்கொன்று மயங்கக் கொள்ளும். இன்னும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. நம் மணிப்ரவாள நூல்கள் பல, முற்காலத்தில் தெலுங்கு லிபியிலும் க்ரந்த லிபியிலும் அச்சாயின. அந்த லிபிகளில் ககரத்துக்கு நான்கு எழுத்துகள் உண்டு. தமிழ் லிபியில் ஒன்றே உண்டு. எம்பெருமான் திருக்கையில் ஏந்தும் கதையும், நாம் கேட்கும் கதையும் தமிழில் ஒரே எழுத்துகளால் எழுதப்படும். ‘பாவம்’ என்று தமிழில் எழுதியது நெஞ்சின் பாவமா, தீவினையா என்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும். மொழிபெயர்க்கும் கருவிக்கு இடம் நோக்கத் தெரியாதபோது, அர்த்தம் தலைகீழாகும்.

விப்ரலிப்ஸை நம் பாகவதர்களிடையே அரிது. தம் கருத்துக்கு வலிமை சேர்க்க ஆசார்யர் திருநாமத்தை வைத்துக்கொள்வது அதன் சிறிய வடிவம். அண்மையில் வந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு ஏமாற்றும் எண்ணம் என்று ஒன்று இல்லை; ஆனால் அவை தரும் பலன் அதைப் போன்றதே. கேட்ட கேள்விக்கு, இல்லாத வாக்யத்தை வ்யாக்யானத்தின் பெயரோடும் பாசுர எண்ணோடும் தயக்கமின்றித் தந்துவிடும். அவ்வெண்ணைத் திறந்து பார்த்தால் அங்கே வேறு விஷயம் இருக்கும். தேடலுக்கு ஒரு துணையாக அதனைக் கொள்ளலாம், சாட்சியாகக் கொள்ளலாகாது.

மாறுபாடெல்லாம் பிழையன்று

எச்சரிக்கை மிகுந்தபோது மற்றொரு தவறு நேர்கிறது. இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருந்தால், ஒன்று பொய் என்று உடனே தீர்ப்பளித்து விடுகிறோம். வங்கியில் வாடிக்கையாளரின் பேரேட்டுக்கும் நம் பேரேட்டுக்கும் இருப்பு வேறுபட்டால், முதலில் இரண்டையும் ஒத்துப்பார்த்து ஓர் இணக்கப் பட்டியல் எழுதுவோம். பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும். பதிவு செய்த முறைதான் வேறாக இருக்கும்.

திவ்யப்ரபந்தத்தின் பாசுர எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். இணையத்தில் ஓரிடத்தில் 3776 என்றும், மற்றோரிடத்தில் 3892 என்றும், பிறிதோரிடத்தில் 4000 என்றும் காண்கிறோம். இளையவர் ஒருவர் மனம் கலங்கி, “ஸ்வாமி, நாலாயிரம் என்பதே உபசாரம்தானோ?” என்று நம்மைக் கேட்டார். அவரோடு அமர்ந்து கணக்கிட்டோம். சிறிய திருமடல், பெரிய திருமடல் ஆகிய இரண்டையும், இராமாநுச நூற்றந்தாதியையும் தள்ளிவைத்து ஆழ்வார்களின் மற்றைப் ப்ரபந்தங்களைக் கூட்டினால் 3774 வரும். மடல் ஒவ்வொன்றையும் ஒரு பாசுரமாகக் கொண்டால் 3776. மடல்களை முறையே 40, 78 என்று பகுத்துக் கொண்டால் 3892. அதனோடு நூற்றந்தாதியின் 108 பாசுரங்களைச் சேர்த்தால் நாலாயிரம் சரியாக நிரம்பும். ஸ்வாமி தேசிகன் ப்ரபந்தஸாரத்தில் காட்டியருளும் கணக்கு இது. மடல்களைக் கண்ணி கண்ணியாக எண்ணி இரண்டுக்குமாக 226 கொண்டால், நூற்றந்தாதியைச் சேர்க்காமலே 3774 உடன் 226 கூடி நாலாயிரமாகும். ஆக நான்கு கணக்கில் ஒன்றும் பொய்யில்லை. பொய்யாவது, எண்ணிய முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதேயாகும்.

ஆழ்வார்களின் காலமும் இத்தகையதே. குருபரம்பரை நூல்கள் தரும் காலக்கணக்கு ஒன்று. கல்வெட்டும் மொழிநடையும் கொண்டு வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு மற்றொன்று. இரண்டையும் அந்தந்தப் பேரேட்டில் வைத்துப் படிக்கலாம். ஒன்றின் வரியை எடுத்து மற்றொன்றின் பெயரில் எழுதும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

பெரியோர் காட்டிய வழி

ஆதாரம் தேடுவது இக்காலத்து ஆராய்ச்சியாளர் கொண்டுவந்த புதுமை என்று எண்ண வேண்டா. நம் நூல்களே தம்மைக் காக்கும் வேலியோடு பிறந்தவை. திருவாய்மொழி முழுவதும் அந்தாதித் தொடையில் அமைந்தது. ஒரு பாசுரம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். பன்னிரு திருநாமங்களைப் பாடும் திருவாய்மொழிக்கு 13 பாசுரங்கள், மற்றைத் தொண்ணூற்றொன்பதுக்கும் 11 வீதம், ஆக 1102. நடுவே ஒன்றைச் செருகவோ எடுக்கவோ இடமில்லை. ‘நம்மாழ்வார் பாசுரம்’ என்று ஒன்று வந்தால், முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களோடு அது தொடுக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வ்யாக்யானங்களுக்குப் படிக்கணக்கு உண்டு. 32 எழுத்துகள் கொண்டது ஒரு க்ரந்தம். திருக்குருகைப் பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று நூலின் பெயரிலேயே அதன் அளவை வைத்துவிட்டனர்.

நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்கக் கொடுத்தபோது, நம்பூர் வரதராஜர் அதனை எடுத்துக்கொண்டு காவேரியைக் கடந்தார். ஏடு வெள்ளத்தில் போயிற்று. நினைவிலிருந்தே எழுதிச் சமர்ப்பித்தார்; அதில் சில விசேஷார்த்தங்களும் சேர்ந்திருந்தன. நஞ்சீயர் அவ்வேறுபாட்டைக் கண்டு கேட்டார். வரதராஜர் நடந்ததை ஒளிக்காமல் விண்ணப்பித்தார். நஞ்சீயர் உகந்து ‘நம்பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார். இச்சரித்ரத்தில் நம்பிள்ளையின் மேதையை நாம் வியக்கிறோம்; அதனோடு, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த நஞ்சீயரின் கண்ணையும், ‘இது மூலத்திலிருந்து எடுத்ததன்று’ என்று சொன்ன நம்பிள்ளையின் நாவையும் சேர்த்து வணங்க வேண்டும்.

ஈட்டின் வரலாறும் அவ்வாறே. நம்பிள்ளை உபதேசித்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தினார். அது ஈயுண்ணி மாதவப் பெருமாள், அவர் குமாரர் பத்மநாபப் பெருமாள், நாலூர்ப் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை, திருவாய்மொழிப் பிள்ளை என்று கைமாறி மணவாள மாமுனிகளை அடைந்தது. 1370-இல் அவதரித்த மாமுனிகள், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை உபதேசரத்தினமாலையில் பதிவு செய்தார். அம்மட்டோடு நில்லாமல், ஈட்டில் வரும் மேற்கோள்கள் எங்கெங்கு உள்ளவை என்று தேடி ப்ரமாணத்திரட்டும் அருளிச்செய்தார். ஈட்டையே காலக்ஷேபம் செய்த மஹாசார்யர், அதன் ஒவ்வொரு மேற்கோளுக்கும் இடம் தேடி அமர்ந்தார் என்றால், கைபேசியில் வந்த வரிக்கு இடம் தேட நமக்கு என்ன தடை? அவ்வுபதேசரத்தினமாலையின் இறுதிப் பகுதியில், முன்னோரிடம் முறையாகக் கேளாமல் தம் மனத்தில் பட்டதை ஸம்ப்ரதாயம் என்று சொல்வாரை அவர் கடிந்து பேசுவதும் அன்பர்கள் அறிந்ததே.

கேட்க வேண்டிய கேள்விகள்

இவற்றைக் கொண்டு, எந்த வாக்யத்தைக் கண்டாலும் கேட்க வேண்டியவற்றை ஐந்தாகச் சுருக்கலாம்.

1. யாருடைய வாக்கு? பாசுரமா, வ்யாக்யானமா, உபந்யாஸமா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஆசார்யர் பெயர் இருந்தும் நூலின் பெயர் இல்லையெனில், அதனை அநுபவமாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. அந்த ஆசார்யர் அந்தப் ப்ரபந்தத்துக்கு வ்யாக்யானம் செய்தாரா, அது இன்று உள்ளதா? நாம் தவறிய இடம் இது.

3. யார் இட்டது, எந்தப் பதிப்பைக் கொண்டு இட்டது? 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தொகுப்புகளில் தட்டெழுதியவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் குறிக்கப்படுகின்றன. பொறுப்பேற்க ஒருவர் இருக்கும் இடமே நம்பத்தக்க இடம். விக்கிப்பீடியாவில் கட்டுரையைப் படிப்பதோடு நில்லாமல், அதன் அடிக்குறிப்பையும் மாற்ற வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

4. ஒத்துப்போகும் இடங்கள் தனித்தனி சாட்சிகளா, ஒன்றன் நகல்களா? ஒரே பிழை எல்லா இடத்திலும் இருந்தால் எல்லாம் ஒன்றே.

5. மூலத்தைக் கண்ணால் கண்டோமா? தட்டெழுதிய பக்கத்தைவிட அச்சுநூலின் படமே மேலானது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் இண்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய பதிப்புகளின் படங்கள் உள்ளன. வ்யாக்யாதாக்களே பாடபேதம் காட்டும் இடங்களில், கண்ட பாடம் எந்தப் பதிப்பினது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வைந்தும் கடந்தபின்னும் ஒன்று எஞ்சும். அர்த்தத்தை ஆசார்யனிடம் கேட்டே தெளிய வேண்டும். வரி சரியாக இருந்தாலும், அதனை எவ்விடத்தில் எவ்வளவு கொள்வது என்பதைக் காலக்ஷேபமே காட்டும், திரை காட்டாது.

விடை கிடைக்காத வாக்யத்தை என்ன செய்வது? எறிய வேண்டா, அனுப்பவும் வேண்டா. ‘கேட்டது, இடம் தெரியவில்லை’ என்று எழுதித் தனியே வைக்கலாம். வங்கியில் சேரிடம் தெரியாத தொகையை நிலுவைக் கணக்கில் வைப்பதுபோல், இதற்கும் ஓர் ஏடு வைத்துக்கொண்டோம். ஐந்து ஆண்டுகளில் அதில் எழுபது வாக்யங்கள் சேர்ந்தன. இருபத்துமூன்றுக்கு மூலம் கிடைத்தது. அவற்றுள் ஒன்பது, வேறோர் ஆசார்யருடையவை. மற்றவை நிலுவையிலேயே உள்ளன.

அழைப்பிதழ் அச்சிட்ட பாகவதரிடம் நாம் நேரில் சென்று க்ஷமை வேண்டினோம். அவர் வருந்தவில்லை. “அந்தப் பதிகத்துக்கு மாமுனிகள் அருளியதை ஸாதிக்கலாகாதா?” என்று கேட்டார். ஸ்ரீகோசத்தைத் திறந்து, தொட்டிலின் அருகே அமர்ந்து, மாமுனிகளின் வ்யாக்யானத்தை முதலிலிருந்து வாசித்தோம். குழந்தை நடுவிலேயே உறங்கிவிட்டது. எந்த ஸ்ரீகோசத்தில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று காட்டக்கூடிய வார்த்தையை அன்றுதான் அவ்வில்லத்தில் விண்ணப்பித்தோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.